புதுவெள்ளத்தில் வரும் பழைய நீர்

பாலக்காட்டின் கிழக்கே உள்ள கொழிஞ்சாம்பாறை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "2018 ஆகஸ்டில் கேரளமே மூழ்கியது. அடுத்த மாதமே ஆறும் கிணறும் இறங்கிவிட்டன. அவ்வளவு தண்ணீரும் எங்கே போனது?"

பெரும்பகுதி கடலுக்குத்தான் போனது. காற்று 1 டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைச் சுமக்கும். அதனால் கொட்டும்போது மொத்தமாகக் கொட்டுகிறது, இடையில் காய்ந்து கெடுக்கிறது. அந்த ஆகஸ்டின் முதல் 19 நாளில் கேரளத்தில் இயல்பு மழை 288 மி.மீ.; பெய்ததோ 759 மி.மீ. செப்டம்பரில் மழை பொய்த்தது. ஓர் ஆண்டை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. ஆனால் புவி சூடேறும்போது மழை போகும் போக்கு இதுதான்.

சரி, மழையே இல்லாத பிப்ரவரியில் ஆற்றில் ஓடுவது எது? அணை திறந்துவிடுவதைக் கழித்துவிட்டால், மீதியெல்லாம் நிலத்துக்கடியிலிருந்து கசிந்து வருவது. பாலக்காட்டின் கிழக்குப் பக்கம் அடியில் கெட்டிப்பாறை. அதன்மேல் உதிர்ந்த பாறையும் மண்ணும் சில மீட்டர்தான். அந்த இடுக்குகளில் தேங்கும் நீர்தான் கோடைக்கான இருப்பு.

இங்கேதான் எனக்கு மிகப் பிடித்த சங்கதி வருகிறது. நீரிலுள்ள ஆக்சிஜனில் எடை குறைந்தது, கூடியது என வகைகள் உண்டு. அவற்றின் விகிதம் மழைக்கு மழை மாறும். மண்ணுக்குள் பல மாதம் கலந்து கிடந்த நீரில் அதிகம் மாறாது. ஆக, ஓடையில் ஒரு குப்பி அள்ளிச் சோதித்தால் இன்று பெய்ததா, முன்பே மண்ணுக்குள் போனதா என்று தெரிந்துவிடும். 1970களில் இப்படிச் சோதித்தவர்கள் அசந்துபோனார்கள். பல காட்டு ஓடைகளில், கண்ணெதிரே மழை பெய்து பெருகி வந்த நீரில் பாதிக்குமேல் பழைய நீர்!

நீர் மண்ணுக்குள் மெதுவாகத்தான் நகரும். அழுத்தம் விரைந்து பரவும். நிறைந்திருக்கும் ஹோஸ் பைப்பில் குழாயைத் திறந்த உடனே மறுமுனையில் நீர் வருகிறதே, அது பைப்பில் ஏற்கெனவே கிடந்த நீர். மலைச்சரிவிலும் அதுவே நடக்கிறது. இன்றைய மழை உள்ளே இறங்கி, பழையதை வெளியே தள்ளிவிட்டு, அந்த இடத்தில் தங்கிக்கொள்கிறது.

ஆனால் அது உள்ளே இறங்க நேரம் வேண்டும். தினம் 20 மி.மீ. வீதம் 30 நாள் பெய்தாலும் 600 மி.மீ.தான், 150 மி.மீ. வீதம் 4 நாள் கொட்டினாலும் 600 மி.மீ.தான். இரண்டாவதில் மண் சீக்கிரமே நிரம்பிவிடும். மிச்சமெல்லாம் மேல்மண்ணையும் அரித்துக்கொண்டு, ஆறு கடலில் கலக்கும் பொன்னானிக்குப் போய்விடும்.

மழை எப்போது நிற்கிறது என்பதும் முக்கியம். இருப்பு குறையக் குறையக் கசிவும் குறையும். ஓர் ஓடையின் கசிவு 30 நாளுக்கு ஒருமுறை பாதியாகிறது என்று வைத்துக்கொள்வோம். நவம்பர் நடுவில் மழை நின்றால், மார்ச் நடுவில் 16-இல் 1 பங்கு ஓடும். அக்டோபர் நடுவிலேயே நின்றுவிட்டால் 32-இல் 1 பங்குதான். ஆண்டு மழைக் கணக்கில் ஒரு குறையும் தெரியாது. கோடை ஓட்டம் மட்டும் பாதியாகியிருக்கும்.

வெயில் கூடினால் மரங்களும் அதிகம் உறிஞ்சும். மழையில்லாத நாளில் ஒரு சிற்றோடையில் குச்சி நட்டுக் குறித்துப் பாருங்கள். பிற்பகலுக்குமேல் நீர் ஒரு நூல் இறங்கியிருக்கும், விடிவதற்குள் மறுபடி ஏறியிருக்கும். பகலில் கரையோர மரங்கள் எடுத்துக்கொண்டதன் கணக்கு அது.

இதையெல்லாம் விட்டுவிட்டு, உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவரிடம் பணம் கொடுத்துப் போர்வெல் போடுவது எனக்கு வேதனையாக இருக்கிறது. அந்தப் போர்வெல் இழுப்பதில் ஒரு பகுதி, ஆற்றுக்குப் போயிருக்க வேண்டிய கசிவு.

கும்பிடி, மங்கரை, புலாமந்தோள் ஆகிய இடங்களில் மத்திய நீர் ஆணையம் பாரதப்புழாவையும் கிளையாறுகளையும் அளக்கிறது. கோடை நீர் பிறக்கும் சிற்றோடைகளிலும் அளவுகோல் நட வேண்டும், தினம் பார்த்து எழுத அந்த ஊரிலேயே ஓர் ஆளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். ஆராய்ச்சிக்கு ஒதுக்கும் பணத்தில் முதல் செலவு இதுவாக இருக்க வேண்டும் என்பேன். 20, 30 ஆண்டுக் கணக்கு விடாமல் கையில் இருந்தால்தான், மழை மாறியதால் குறைந்தது எவ்வளவு, மணல் அள்ளியதால் எவ்வளவு, போர்வெல்லால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியும்.