பயாப்சி முடிவு வந்த பிறகும் ஏன் காத்திருக்கச் சொல்கிறார்கள்?

புற்றுநோய்தான் என்று அறிக்கை வந்த பிறகும், "இன்னும் சில சாயப் பரிசோதனைகள் பாக்கி இருக்கின்றன, பொறுங்கள்" என்று மருத்துவர் சொன்னால் வீட்டில் பதற்றம் கூடிவிடுகிறது. சிங்கப்பூரில் நோயியல் மருத்துவராக வேலை பார்க்கும் நான், அந்தக் காத்திருப்பு எதற்காக என்று நம் குடும்பங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதல் அறிக்கை செல்களின் உருவத்தைப் பார்த்து எழுதுவது. கல்லீரலில் ஒரு கட்டி. கெட்டது என்று உருவமே சொல்லிவிடும். ஆனால் அது கல்லீரலிலேயே தோன்றியதா, நுரையீரலிலிருந்தோ குடலிலிருந்தோ வந்ததா? பல நேரங்களில் உருவத்தை வைத்துச் சொல்ல முடியாது. அங்கேதான் இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி என்ற சாயப் பரிசோதனை தேவைப்படுகிறது. மெழுகில் பதித்த திசுவை 3, 4 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனில் சீவி, குறிப்பிட்ட ஒரு புரதத்தை மட்டும் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடியை அதன்மேல் இடுவோம். அந்தப் புரதம் இருக்கும் இடம் பழுப்பாகும். டிடிஎஃப்-1 என்ற புரதத்துக்கான சாயம் பழுப்பானால் நுரையீரலையோ தைராய்டையோ நினைப்போம். சிடிஎக்ஸ்2, சிகே20 என்ற வேறு இரண்டு புரதங்களும் பழுப்பானால் பெருங்குடல் பக்கம் பார்ப்போம். ஒரே ஒரு சாயத்தை நம்பி முடிவு எழுதுவது ஆபத்து. அதனால்தான் பலவற்றைச் சேர்த்துப் போட்டு, ஸ்கேனோடும் ஒப்பிடுகிறோம். இரத்தத்தில் பார்க்கும் சிஇஏ, சிஏ-125 போன்ற புற்றுநோய்க் குறியீடுகள் வேறு. அவை இதற்கு ஈடாகாது.

மார்பகப் புற்றுநோயில் மருந்தே இதைப் பொறுத்துத்தான். 1% புற்றுசெல்களிலாவது ஈஆர் (ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனை ஏற்கும் புரதம்) சாயம் ஏறினால் ஹார்மோன் சிகிச்சையைப் பற்றிப் பேசலாம். ஹெர்2 என்ற புரதத்தின் சாயம் 3+ என்றால், அந்தப் புரதத்தைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் போன்ற மருந்துகளுக்கு வழி உண்டு. 2+ என்றால் ஹெர்2 மரபணு கூடியிருக்கிறதா என்று பார்க்கும் ஃபிஷ் என்ற இன்னொரு பரிசோதனை; மேலும் சில நாள். 3+ என்பதை மூன்றாம் கட்டம் என்று நினைத்து அழுதவர்கள் இருக்கிறார்கள். சரி, அது என்ன எண்? சாயம் எவ்வளவு அழுத்தமாக, முழுமையாக ஏறியது என்பதைக் காட்டுவது. நோய் எவ்வளவு பரவியது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

திருச்சியிலோ சென்னையிலோ பயாப்சி எடுத்துவிட்டு இங்கே சிகிச்சைக்கு வருபவர்கள் பெரும்பாலும் காகித அறிக்கையை மட்டும் கொண்டுவருகிறார்கள். தயவுசெய்து திசு பதித்த மெழுகுக் கட்டையையும், சீவிய திசுவை ஒட்டிய கண்ணாடி ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கி வாருங்கள். கட்டை கையில் இருந்தால் அதிலிருந்தே புதிதாகச் சீவிச் சாயம் போடலாம். இல்லையென்றால் நோயாளிக்கு மறுபடியும் ஊசி குத்த வேண்டிவரலாம். மெழுகு உருகக்கூடியது, வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிடாமல் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.