ஃபுட் ஸ்டாம்ப்: யாருக்கு, எவ்வளவு, புதுச் சட்டம் எங்கே கை வைத்தது

அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டுகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் முழுக்கோழி சுற்றிச் சுற்றி வெந்துகொண்டிருக்கும். அரசு தரும் உணவு உதவி அட்டையை நீட்டி அந்தக் கோழியை வாங்க முடியாது. விற்காமல் மிஞ்சியதை ஆறவைத்துக் குளிர்பெட்டியில் அடுக்கினால், அதே அட்டைக்கு அதே கோழி கிடைக்கும். சூடாக இருந்தால் ஓட்டல் சாப்பாடு, ஆறிப்போனால் மளிகை. அடுப்பே இல்லாதவருக்குத்தான் சூடான சாப்பாடு அவசியம் என்று யாருக்கும் தோன்றவில்லை போலும். வீடற்றோர், முதியோர், உடல் ஊனமுற்றோர் ஓட்டலில் வாங்கச் சில மாநிலங்கள் மட்டும் வழி வைத்திருக்கின்றன.

ஃபுட் ஸ்டாம்ப் என்று இன்றும் மக்கள் சொல்லும் இந்தத் திட்டத்துக்கு அரசு ஆவணங்களில் ‘ஸ்நாப்’ என்று பெயர். 2024-இல் ஏறக்குறைய 4.2 கோடிப் பேர், அதாவது எட்டில் ஒருவர், இதை நம்பி மளிகை வாங்கினார்கள். பணம் மாதாமாதம் டெபிட் கார்டு போன்ற ஓர் அட்டையில் ஏறும். அரிசி, பால், காய்கறி, இறைச்சி எல்லாம் வாங்கலாம். காய்கறி விதையும் நாற்றும்கூட வாங்கலாம். சோப்பு, குழந்தையின் டயப்பர், மாத்திரை, மது, சிகரெட் கிடையாது. 2026 ஜனவரி முதல் சில மாநிலங்கள் சோடாவையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டன.

கணக்கு ஒன்றும் கடினமில்லை. ஒரே உலையில் பொங்கிச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். மூன்று பேர் இருந்தால் 2026 நிதியாண்டில் உச்சவரம்பு மாதம் 785 டாலர், நான்கு பேருக்கு 994, தனியாளுக்கு 298. வருமானம் கூடக்கூட இது குறையும். ஒரு தாய், இரண்டு பிள்ளைகள், மாதச் சம்பளம் 2,000 டாலர் என்று வையுங்கள். சம்பளத்தில் 20 சதவீதத்தைக் கழித்தால் 1,600. பொதுக் கழிவு 209 போனால் 1,391. அதில் 30 சதவீதம், சுமார் 417 டாலர், அவர் கையிலிருந்தே சாப்பாட்டுக்குப் போட வேண்டியது என்று அரசு எடுத்துக்கொள்கிறது. 785-இல் அது போக மீதி சுமார் 368 டாலர் அட்டையில் ஏறும். வாடகையும் குழந்தைக் காப்பகச் செலவும் அதிகமென்றால் இன்னும் கொஞ்சம் கூடும்.

இன்றைய திட்டத்தின் தொடக்கம் மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரி மலைப்பகுதி. 1961 மே மாதம் அங்கே வேலையிழந்த சுரங்கத் தொழிலாளி ஒருவர், 15 பேர் கொண்ட தன் வீட்டுக்காக 95 டாலர் மதிப்புள்ள ஸ்டாம்ப்புகளை வாங்கினார். அப்போது அது சோதனை முயற்சி, 1964-இல் சட்டமானது. அன்றைக்கு ஸ்டாம்ப்பைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். கொடுத்த காசுக்கு மேல் கூடுதலாக ஸ்டாம்ப் கிடைக்கும். முதலில் போடக் கையில் காசில்லாதவருக்கு உதவியும் இல்லை. அந்தக் கூத்துக்கு 1977-இல் வந்த சட்டம்தான் முடிவு கட்டியது.

சரி, புதுச் சட்டத்துக்கு வருவோம். 2025 ஜூலை 4 அன்று அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட பெரிய வரி-செலவுச் சட்டம், பத்தாண்டுகளில் இந்தத் திட்டத்திலிருந்து சுமார் 18,600 கோடி டாலரை வெட்டுகிறது. வெட்டு என்றதும் மேலே சொன்ன 785 டாலரைக் குறைத்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். அந்த உச்சவரம்பைக் குறைக்கவில்லை, பெரும்பாலும் வாசலைக் குறுக்கினார்கள்.

அதில் முக்கியமானது வேலை நிபந்தனை. மாதம் 80 மணி நேரம் வேலை, பயிற்சி, தொண்டு ஏதாவது ஒன்றைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் மூன்று ஆண்டுகளில் மூன்று மாதம்தான் உதவி. இது 1996 முதலே இருக்கும் விதிதான். ஆனால் முன்பு 54 வயதோடு நின்றது, இப்போது 64 வரை. முன்பு வீட்டில் 18 வயதுக்குக் கீழ் பிள்ளை இருந்தால் விலக்கு. இப்போது பிள்ளைக்கு 14 வயதாகிவிட்டால் பெற்றோரும் கணக்குக் காட்ட வேண்டும். வீடற்றவர்கள், முன்னாள் ராணுவத்தினர், காப்பகப் பராமரிப்பில் வளர்ந்து வெளியே வந்த இளைஞர்கள் ஆகியோருக்கு 2023-இல் கொடுத்த விலக்கையும் பறித்துவிட்டார்கள். கர்ப்பிணிகள், வேலை செய்ய உடல்நிலை இடம் தராதவர்கள், அமெரிக்கப் பழங்குடியினர் ஆகியோருக்கு விலக்கு உண்டு.

‘உழைக்காமல் ஏன் கொடுக்க வேண்டும்?’ என்ற கேள்வி நியாயமாகத்தான் காதில் விழும். ஆனால் இந்த விதி உழைப்பை அளப்பதில்லை, காகிதத்தை அளக்கிறது. வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும் ஒரு கடை ஊழியரை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த மாதம் 90 மணி, அடுத்த மாதம் முதலாளி கொடுத்தது 65 மணி. அவர் சோம்பேறி ஆகிவிட்டாரா? வீடுகளில் துப்புரவு வேலை செய்து ரொக்கமாகக் கூலி வாங்குகிறவர் சம்பளச் சீட்டுக்கு எங்கே போவார்?

நடந்த கதையே இருக்கிறது. ஆர்கன்சா மாநிலம் 2018-இல் மெடிக்கெய்ட் என்ற ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீட்டுக்கு இதே 80 மணி நேர நிபந்தனையைப் போட்டது. மணிக்கணக்கை முதலில் இணையதளத்தில் மட்டுமே பதிய முடிந்தது. அந்தத் தளமோ இரவு 9 மணிக்கு மூடினால் காலை 7 மணிக்குத்தான் திறக்கும்! பகலெல்லாம் வேலை செய்துவிட்டு ராத்திரி பதியலாம் என்று உட்கார்ந்தவர் என்ன ஆவார்? சில மாதங்களில் 18,000-க்கும் மேற்பட்டோர் காப்பீட்டை இழந்தார்கள். 2019-இல் நீதிமன்றம் தடுத்தது. வேலைக்குப் போனவர் எண்ணிக்கையும் கூடவில்லை. வர்ஜீனியாவில் ஃபுட் ஸ்டாம்ப்பை ஆராய்ந்தவர்கள் கண்டதும் அதுவே: நிபந்தனைக்கு உட்பட்டவர்களில் உதவி பெறுவோர் பாதிக்கு மேல் குறைந்தார்கள், வேலையில் இருப்போர் கூடவில்லை. இத்தனைக்கும் பிறகு அதே நிபந்தனை, 2027 தொடக்கத்தில் மெடிக்கெய்டுக்கும் பெரும்பாலான மாநிலங்களில் வருகிறது.

அடுத்த மாற்றம் மாநிலங்களின் தலையில். இதுவரை உதவித் தொகை முழுவதும் மத்திய அரசின் பணம். 2028 நிதியாண்டிலிருந்து, கணக்குப் பிழை 6 சதவீதத்தைத் தொடும் மாநிலங்கள் தொகையில் 5 முதல் 15 சதவீதம் வரை தாங்களே போட வேண்டும். 2024-இல் தேசிய சராசரிப் பிழை 10.93 சதவீதம். பிழை என்றால் மோசடி அல்ல. கூடக் கொடுத்தது, குறையக் கொடுத்தது இரண்டும் அதில் அடக்கம். வேடிக்கை என்னவென்றால், பிழை மிக அதிகமுள்ள மாநிலங்களுக்கு மட்டும் இரண்டு ஆண்டு வரை தவணை. சட்டம் நிறைவேற, பிழை அதிகமுள்ள அலாஸ்காவின் செனட்டர் ஓட்டு தேவைப்பட்டதால் வந்த சலுகை என்பது வாஷிங்டனில் எல்லோருக்கும் தெரியும்.

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களுக்கு: எச்1பி, மாணவர் விசாக்காரர்களுக்கு இந்த உதவி கிடையாது. கிரீன் கார்டு வாங்கிய பெரியவர்கள் பொதுவாக ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டும். 18 வயதுக்குக் கீழ் என்றால் காத்திருப்பு இல்லை. அங்கேயே பிறந்த பிள்ளைக்காகப் பெற்றோர் விண்ணப்பிக்கலாம், ஆனால் பெற்றோர் வருமானமும் கணக்கில் வரும். அகதிகளும் அடைக்கலம் பெற்றவர்களும் முன்பு உடனே வாங்கலாம். புதுச் சட்டத்துக்குப் பிறகு கிரீன் கார்டு கைக்கு வரும்வரை இல்லை. இலங்கையிலிருந்து போய் அடைக்கலம் பெற்ற தமிழருக்கும் இதுதான் நிலை.

அட்டையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான மாநிலங்களில் அதில் சிப் இல்லை, பழைய காந்தப் பட்டைதான். கடை இயந்திரத்தில் திருட்டுக் கருவி பொருத்தி நகல் எடுத்துவிடுகிறார்கள். அப்படித் திருடுபோன தொகையை ஈடுசெய்யும் மத்திய அரசு ஏற்பாடு 2024 டிசம்பர் 20-உடன் முடிந்துபோனது. பின் நம்பரை அடிக்கடி மாற்றுவது நல்லது.

உதவியை நிறுத்துகிறோம் என்று கடிதம் வந்தால் அப்படியே விட்டுவிடாதீர்கள். 90 நாளுக்குள் மேல்முறையீட்டு விசாரணை கேட்க உரிமை உண்டு. நிறுத்தும் தேதிக்கு முன்பே, கடிதத்தில் குறித்த கெடுவுக்குள் கேட்டுவிட்டால், பொதுவாக முடிவு வரும்வரை பழைய தொகை தொடரும். தோற்றால் இடையில் வாங்கியதைத் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும்.