எஃபெக்சுவேஷன் என்றால் நம்ம ‘கைம்முதல்’

கிழக்கிலங்கையின் மருதமுனையில் சாரம் (லுங்கி) நெய்கிற ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் விற்க ஆசை. எந்த நாட்டில் கேள்வி அதிகம் என்று ஆராய்ந்து, இலக்கு வைத்து, அதற்கேற்ற பணத்தைத் தேடி அலைவது ஒரு வழி. இல்லாவிட்டால் தன் தறியையும் தனக்குத் தெரிந்த நெசவையும் பார்த்துவிட்டு, கட்டாரில் இருக்கும் மச்சானுக்குக் கோல் எடுத்து, “பத்துச் சாரம் அனுப்புறன், உங்கட றூம்ல இருக்கிற ஆக்களிட்டக் காட்டிப் பாருங்க மச்சான்” என்று சொல்லலாம். இந்த இரண்டாவது யோசனைக்குத்தான் எஃபெக்சுவேஷன் என்று பெயர்.

லத்தீனில் ‘எஃபிகெரே’ என்றால் செய்து முடித்தல், சொல்லின் வேர் அதுதான். புதுத் தொழில் தொடங்குவது பற்றிய முயற்சியாண்மைப் படிப்பில் அதற்கு இந்தப் பொருளைக் கொடுத்தவர் சரஸ் சரஸ்வதி. அனுபவம் மிக்க 27 முயற்சியாளர்களிடம் ஒரு கற்பனை வியாபாரத்தைக் கொடுத்து, யோசிப்பதை வாய்விட்டே சொல்லவைத்து ஆராய்ந்தவர். 2001இல் வந்த அவரது கட்டுரைக்குப் பிறகு சொல் பரவியது. நான் யார், எனக்கு என்ன தெரியும், யாரைத் தெரியும் என்ற மூன்றிலிருந்துதான் அவர்கள் தொடங்குகிறார்கள் என்பது அவர் கண்டது.

வெளிநாட்டு வியாபாரத்தில் அந்த மூன்றாவது கேள்விதான் பெரிது. நிறுவனங்கள் பழக்கமான நாடுகளில் தொடங்கி, கற்றுக் கற்றுத்தான் தூரம் போகின்றன என்று சுவீடனைச் சேர்ந்த ஆய்வாளர்கள் யோஹான்சனும் வால்னேயும் 1977இல் எழுதினார்கள். 2009இல் அவர்களே அதைத் திருத்தி, அந்நியராக இருப்பதைவிட அங்குள்ள தொடர்பு வலைக்கு வெளியே நிற்பதே பெரிய தடை என்றார்கள். கட்டார் மச்சான் அந்த வலையின் முதல் முடிச்சு.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘விளைவாக்கம்’ என்று சொல்லுக்குச் சொல் வைத்தால் ஒருவருக்கும் விளங்காது. ‘கைம்முதல்’ என்றால் கையில் உள்ள மூலதனம். ‘முதல்’ என்பதற்கோ தொடக்கம் என்ற பொருளும் உண்டு. கையில் இருப்பதிலிருந்து தொடங்கு என்ற கருத்து முழுதும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கும்போது வேறெதற்குப் போக வேண்டும்? ‘கைம்முதல் முறை’ என்றே எழுதலாம், மற்றதை ‘இலக்கு முறை’ என்று. ‘தாங்கக்கூடிய இழப்பு’ என்று பாடத்தில் வருவதையும் ‘கையைக் கடிக்காத நட்டம்’ என்றால் கடைத்தெருவில் எல்லாருக்கும் புரியும்: பத்துச் சாரம் விற்காமல் போனாலும் தறி நிற்காது.

ஆனால் ஆயிரம் சாரத்துக்கு ஓடர் வந்தால் மறுகா நூல், சாயம், ஆள்கூலி எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டே ஆகவேண்டும்; அது இலக்கு முறை. ஒரே ஆளின் யோசனையில் இரண்டும் கலந்தே இருக்கும் என்றுதான் சரஸ்வதியும் எழுதியிருக்கிறார்.