லொக் புக்கில் இன்ஸ்ட்ரூமென்ட் நேரம்: எது சேரும், எது சேராது

ஹட்டன், பண்டாரவளைப் பக்கமிருந்து இரத்மலானைக்குப் பறக்கப் படிக்கப் போகிற தம்பி, தங்கைகளே, பிறகு இன்ஸ்ட்ரக்டராகவும் வர ஆசை இருந்தால் லொக் புக்கில் (பறந்த மணித்தியாலங்களைப் பதிகிற ஏட்டில்) இன்ஸ்ட்ரூமென்ட் நேரம் எழுதுகிற அந்தச் சின்னக் கட்டத்தை முதல் நாளிலிருந்தே ஒழுங்காக நிரப்புங்கள்.

ஐகாவோ (சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு) விதிப்படி, வெளியே எதையும் பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்து நீங்களே விமானத்தை ஓட்டிய நேரம்தான் இன்ஸ்ட்ரூமென்ட் நேரம். நானுஓயா பாதையில் பனிமூட்டத்துக்குள் பஸ் ஓட்டுகிறவருக்குக்கூட ஒரு வெள்ளைக்கோடாவது தெரியும், இங்கே அதுவும் கிடையாது. ஐஎஃப்ஆர் (கருவிகளைக் கொண்டு பறக்கும் விதி) திட்டம் கொடுத்துவிட்டு வெளிச்ச வானத்தில் யாழ்ப்பாணம் போய்வந்தால் ஒரு நிமிடமும் சேராது. ஒன்றேகால் மணித்தியாலம் பறந்து அதில் 35 நிமிடம், வெளியே தெரியாமல் மறைக்கிற ஹூட்டைத் தலையில் மாட்டியிருந்தால், எழுத வேண்டியது 35 நிமிடம் மட்டும்.

இன்ஸ்ட்ரக்டர் ரேட்டிங்குக்கு (உரிமத்தோடு சேரும் கூடுதல் தகுதிக்கு), வர்த்தக விமானி உரிமத்துக்குக் கேட்கிற அனுபவம் இருக்க வேண்டும். அது மொத்தம் 200 மணித்தியாலம், அங்கீகரித்த பயிற்சியில் படித்தால் 150. அதற்குள் இன்ஸ்ட்ரூமென்ட் பயிற்சி 10 மணித்தியாலம், அதிலும் தரையிலுள்ள சிமியூலேட்டரில் செய்தது 5 மணித்தியாலத்துக்கு மேல் செல்லாது. இன்ஸ்ட்ரூமென்ட் பறப்பையே சொல்லிக்கொடுக்க வேண்டுமானால் முதலில் உங்களிடம் இன்ஸ்ட்ரூமென்ட் ரேட்டிங் இருக்க வேண்டும், அதற்கு 40 மணித்தியாலம் இன்ஸ்ட்ரூமென்ட் நேரம். அதனால் சிமியூலேட்டர் நேரத்தைப் பறந்த நேரத்தோடு கலக்காமல் தனிக் கட்டத்தில் எழுதுங்கள், கலந்துவிட்டால் பிறகு பிரித்தெடுப்பது பெரிய பாடு.

இந்தக் கணக்கில் ஏன் இவ்வளவு கறார் என்று நம் மலையகத்தாருக்குச் சொல்லத் தேவையில்லை. 1974 டிசம்பர் 4 இரவு, கட்டுநாயக்க நெருங்கிவிட்டதென்று தப்பாக நினைத்துத் தாழ இறங்கிய டிசி-8 விமானம் நோர்ட்டன் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் சப்த கன்னியர் மலையில் மோதி, ஹஜ் யாத்திரிகர்கள் உட்பட 191 பேரும் இறந்தார்கள். கருவி காட்டுவதைச் சரியாகப் புரிந்துகொள்கிற பழக்கம் உண்மையாகப் பறந்த மணித்தியாலங்களில்தான் வரும், எழுதிச் சேர்த்த மணித்தியாலங்களில் வராது.

சரி, இன்ஸ்ட்ரக்டர் ஆனபிறகு? மாணவர் ஹூட் போட்டிருக்கும்போது நீங்கள் வெளியே பார்த்துக் காவல் காக்கிறீர்கள், அது உங்களுடைய இன்ஸ்ட்ரூமென்ட் நேரம் ஆகாது. அமெரிக்க விதி, உண்மையான மேகத்துக்குள் கற்பித்தால் மட்டும் இன்ஸ்ட்ரக்டரும் எழுதலாம் என்கிறது.

அப்புறம், இறங்கிய அன்றைக்கே எழுதுங்கள்: ஹூட்டா மேகமா, எந்த அப்ரோச் (ஓடுபாதையை நெருங்கி இறங்கும் முறை), எந்த விமான நிலையம், பக்கத்தில் யார். இன்ஸ்ட்ரக்டர் கோர்ஸுக்குக் காசு கட்டுவதற்கு முன்பே லொக் புக்கைக் கொண்டுபோய் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையில் காட்டி, எத்தனை மணித்தியாலம் ஏற்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.