போன் கவருக்குள்ள இருந்த வாக்குத்தத்த அட்டை

சிங்கப்பூர்ல ஒரு தமிழ் சபையில 16 வருஷமா போதகரா இருக்கேன். பிரசங்கம் பண்றவங்களும் கேக்குறவங்களும் சேந்து யோசிக்கணும்னுதான் இத எழுதுறேன்.

போன வருஷம் ஒரு ஞாயித்துக்கிழமை, ஆராதனை முடிஞ்சு எல்லாரும் தேக்காவுக்குச் சாப்பிடக் கெளம்பிட்டாங்க, துவாஸ் பக்கம் வெளிநாட்டுத் தொழிலாளிங்க தங்குற டோர்ம்ல இருக்குற ஒரு தம்பி மட்டும் போகாம நின்னாரு. போன் கவரக் கழட்டி உள்ளேருந்து ஒரு அட்டைய எடுத்துக் காட்டினாரு. டிசம்பர் 31 ராத்திரி புது வருஷத்துக்குன்னு நாங்க குடுத்த வாக்குத்தத்த வசனம், எரேமியா 29:11. உங்களப் பத்தி நான் நெனைக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்குத்தான்னு கர்த்தர் சொல்ற வசனம் அது. வேர்வைல ஊறி எழுத்தே மங்கிப்போச்சு. "பாஸ்டர், அம்மா நகைய அடகு வச்சு ஏஜெண்டுக்குக் கட்டினேன், வட்டி ஏறிக்கிட்டே இருக்கு, இப்ப வேலை பர்மிட்டப் புதுப்பிக்க மாட்டோம்னு சொல்லிட்டாங்க. விசுவாசத்துல நான் எங்க கொறஞ்சேன்?"

அந்தக் கேள்வி அவரு மனசுல தானா வரல, நாங்க பிரசங்கத்துல போட்ட வெதைதான் அது.

அந்த வசனம் எரேமியா தீர்க்கதரிசி எழுதின ஒரு கடிதத்துல வருது, அது யாருக்கு எழுதினதுன்னு பாருங்க. கி.மு. 597ல எருசலேம்லேருந்து சிறைபிடிச்சு பாபிலோனுக்குக் கொண்டு போனவங்களுக்கு. ஒரு வசனம் முன்னாடி போனா 70 வருஷம்னு இருக்கு, அதாவது கடிதத்த வாசிச்சவங்கள்ல முக்காவாசிப் பேரு திரும்பி ஊரப் பாக்கப்போறதே இல்ல. வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்க, அந்தப் பட்டணத்தோட சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கன்னுதான் கடவுள் சொல்றாரு.

அதே புத்தகத்துல, அதுக்கு முந்தின 28ஆம் அதிகாரத்துல அனனியான்னு ஒரு தீர்க்கதரிசி வர்றாரு. ரெண்டே வருஷத்துல எல்லாம் சரியாயிடும், பாபிலோன் ராஜாவோட நுகம் முறிஞ்சிடும்னு ஆலயத்துலயே நின்னு சொல்றாரு. எரேமியா உடனே சண்டைக்குப் போகல, மொதல்ல "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக"ன்னுதான் சொல்றாரு. எனக்கு இந்த எடம்தான் ரொம்ப முக்கியமாப் படுது. நல்லது நடக்கணும்னு ஆசைப்படுறதுல தப்பே இல்ல, எரேமியாவும் ஆசைப்பட்டாரு, ஆனா நம்ம ஆசைய கர்த்தரோட வார்த்தைன்னு சொல்லி வித்துட்டா ஜனங்க பொய்ய நம்பிடுவாங்க.

இன்னைக்கு வாட்ஸ்அப்ல ஓடுற ஒரு நிமிஷப் பிரசங்கம் பாதிக்கு மேல அனனியா பிரசங்கம்தான். 88ஆம் சங்கீதம் ஒரு ஆறுதல் வார்த்தை கூட இல்லாம முடியுது, அத யாராவது பிரசங்கம் பண்ணிக் கேட்டிருக்கீங்களா? கட்டாய நேஷனல் சர்வீஸ்ல இருக்குற நம்ம பசங்க கேக்குறதும் அந்தத் தம்பி கேட்ட அதே கேள்விதான், ஆங்கிலத்துல கேக்குறாங்க, அவ்வளவுதான்.

அந்தத் தம்பிகிட்ட மன்னிப்பு கேட்டேன். ரெண்டு அதிகாரத்தையும் உக்காந்து சேந்து வாசிச்சோம், சம்பளப் பாக்கி இருக்கான்னு விசாரிச்சு உதவி கெடைக்குற எடத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். இந்த டிசம்பர் 31க்கு அட்டை குடுக்கல, 28, 29 ரெண்டையும் முழுசா வாசிச்சேன். வருஷப் பொறப்பும் அதுவுமா எதுக்கு பாஸ்டர் பாபிலோன் கதைன்னு ரெண்டு பேரு வருத்தப்பட்டாங்க.

தம்பி இப்ப ஊர்ல இருக்காரு, கடன் இன்னும் தீரல. ஞாயித்துக்கிழமை காலைல வாய்ஸ் மெசேஜ் வரும், "இன்னைக்கு எந்த அதிகாரம் பாஸ்டர்?"னு.