மூன்று மில்லிமீட்டர் அசைவு

மயிலாப்பூர் மாட வீதியில் பூக்கட்டி விற்கும் அக்கா ஒருவருக்குக் கண்ணாடி டம்ளர் கழுவும்போது கையிலேயே உடைந்துவிட்டது. வலது ஆள்காட்டி விரலின் அடியில், உள்பக்கம் வெட்டு. ஓர் அங்குலம்கூட இருக்காது. ஆனால் விரல் மடங்கவில்லை. "நரம்பு அறுந்துபோச்சு" என்றார்கள் வீட்டில். இரண்டு வேறு பொருள்களுக்கு நாம் இந்த ஒரே சொல்லைத்தான் சொல்கிறோம்: உணர்வைக் கொண்டுபோகும் நரம்பு, விரலை இழுத்து மடக்கும் தசைநாண். அவருக்கு இரண்டுமே அறுந்திருந்தன.

விரலுக்குள் அதை மடக்கும் தசை கிடையாது. இடது கையால் வலது முன்கையைப் பிடித்துக்கொண்டு விரல்களை மடக்கிப் பாருங்கள், தோலுக்கடியில் தசை புரள்வது தெரியும். அங்கிருந்து வெள்ளைக் கயிறு போன்ற தசைநாண்கள் மணிக்கட்டைத் தாண்டி வந்து, ஒவ்வொரு விரலிலும் ஒரு குறுகிய குழாய்க்குள் நுழைகின்றன. கட்டைவிரல் தவிர மற்ற விரல்களில் ஒரே குழாய்க்குள் இரண்டு நாண்கள். ஒன்று பிளந்து வழிவிட, மற்றது அதன் நடுவே புகுந்து விரல்நுனிக்குப் போகிறது. இவ்வளவு நெருக்கமான இடம் என்பதால், இங்கே அறுந்த நாணை உடனே தைப்பதற்கே ஒரு காலத்தில் அறுவை மருத்துவர்கள் அஞ்சினார்கள். தைத்தால் ஒட்டிக்கொள்ளும், விரல் விறைத்துவிடும் என்பது அவர்கள் கண்ட அனுபவம். 1960-களில்தான் அந்த எண்ணம் மாறத் தொடங்கியது.

சிக்கல் இதுதான். புண் ஆறும்போது உடல் தழும்புத் திசுவைப் போட்டு அடைக்கும். தைத்த நாண் எது, அதைச் சுற்றியுள்ள குழாய்ச் சுவர் எது என்று தழும்புக்குத் தெரியாது, இரண்டையும் சேர்த்தே ஒட்டிவிடும். கையை ஆட்டாமல் வைத்திருந்தால் விரல் மடங்காது. ஆட்டினால் தையல் பிய்ந்துவிடலாம். அதிலும் முதல் இரண்டு வாரங்களில்தான் தையல் மிகவும் பலவீனம். "கையை அசைக்காம பத்திரமா வச்சுக்கோ" என்று அக்கறையோடு சொல்லும் உறவினர்கள் தங்களை அறியாமலே கெடுதல் செய்கிறார்கள். அடிபட்ட கையை அன்றாட வேலைகளுக்கு மறுபடி பழக்குபவர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். அவர் வேலை செய்வது இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில். நாண் மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் நகர்ந்தால் போதும், ஒட்டிக்கொள்வதைப் பெருமளவு தடுக்கலாம்.

அதற்குக் கருவி ஒரு பிளாஸ்டிக் தகடு. வெந்நீரில் போட்டால் அப்பளம் மாதிரி தொளதொளத்துவிடும். ஈரம் துடைத்து, சூடு பொறுக்கும் பதத்தில் புறங்கைமேல் வைத்து அழுத்தினால் ஓரிரு நிமிடத்தில் அந்தக் கையின் வடிவத்திலேயே இறுகும். இந்த ஸ்பிளின்ட் விரலை மடக்க விடும், முழுதாக நீட்ட விடாது. நீட்டுவதுதான் தையலை இழுக்கும். அக்கா மணிக்கு ஒரு தடவை இடது கையால் அந்த விரலை மெல்ல மடக்கி, விட வேண்டும். ஆறு வாரம், தூங்கும்போதும் ஸ்பிளின்ட்.

நரம்பு தன் போக்கில் வளரும், ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர். நுனியை எட்டும்வரை விரல்நுனி மரத்தே இருக்கும், சூடான பாத்திரம் பட்டாலும் உறைக்காது. வளர்ந்து சேர்ந்த பிறகும் மூளைக்குப் போகும் செய்தி குழம்பியே போகும். கண்ணை மூடிக்கொண்டு, தொடுவது அரிசியா துவரம்பருப்பா என்று சொல்லப் பழகுவது அதற்காகத்தான். விரல்நுனியைப் புதிதாகப் படிக்க மூளை கற்றுக்கொள்கிறது.

கைக்கென்றே தனி அறுவை சிகிச்சைத் துறை சென்னையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் இருக்கிறது. வெட்டுப்பட்டால் தையலோடு நிற்காமல், தெரபி எங்கே, எப்போது தொடங்கும் என்று அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.

'ஆக்குபேஷனல்' என்ற சொல்லைப் பார்த்து, வேலை வாங்கித் தருவார்களோ என்று நினைப்பவர்கள் உண்டு. பல் துலக்குவது, பிசைந்து சாப்பிடுவது, புடவைக்கு மடிப்பு வைப்பது என ஒருவர் நாள் முழுக்கச் செய்யும் எல்லாமே அதில் அடக்கம். எட்டாவது வாரத்தில் தெரபிஸ்ட் சொன்னார்: "அக்கா, நாளைக்கு பூவும் நாரும் எடுத்துட்டு வாங்க." பக்கத்தில் உட்கார்ந்து அவர் கட்டுவதைப் பார்த்தார். பூவை எடுக்க விரல்நுனிகள் கிள்ள வேண்டும், நாரைச் சுற்ற ஆள்காட்டி விரல் வளைய வேண்டும், இறுக்க இழுக்க வேண்டும். முதல் இரண்டில் பாரம் இல்லை. இழுப்பதில்தான் தையல் போட்ட இடம் முழு விசையையும் வாங்கும். அதனால் முதலில் பெரிய சம்பங்கியும் தடித்த கம்பளி நூலும், பிறகு மல்லி மொட்டு. வாழைநாரை வெடுக்கென்று இழுத்து இறுக்குவது பன்னிரண்டு வாரம் தாண்டிய பிறகுதான்.

மார்கழியில் அவரிடம் ஒரு முழம் கதம்பம் வாங்கினேன். அந்த விரலின் நுனி இன்னும் உள்ளங்கையைத் தொடுவதில்லை, அரை அங்குலம் பாக்கி. நாரை இறுக்கும் நேரத்தில் மட்டும் நடுவிரலைக் கொடுக்கிறார். மற்றபடி பேச்சு பேச்சாக இருக்க, கட்டு நிற்கவில்லை.