பணத்தைத் திருப்பிக் கேட்கும் வாடிக்கையாளர்: இணையத்தில் விற்பவர்கள் கவனத்துக்கு

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லின் அடியில் அச்சிட்டுவிட்டால் போதும் என்று நம்பும் விற்பனையாளர்கள் இன்னமும் நிறையப் பேர் இருக்கிறார்கள். நுகர்வோர் வழக்குகளில் சிறு வணிகர்களுக்காக வாதாடும் வழக்கறிஞர் என்ற முறையில் சொல்கிறேன்: பொருளில் குறை இருந்தால் அந்த வரி உங்களைக் காப்பாற்றாது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பதையே நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. பில்லில் கால அளவு குறிப்பிட்டிருந்தால் அதற்குள். குறிப்பிடாவிட்டால் 30 நாட்களுக்குள் பணத்தைக் கொடுத்தாக வேண்டும்.

ஆகவே புகார் வந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, வாங்கியவர் நல்லவரா ஏமாற்றுக்காரரா என்பதல்ல. பொருள் நாம் சொன்னபடி இருந்ததா, இல்லையா? சொன்னபடி இருந்து, வீட்டில் யாருக்கோ பிடிக்கவில்லை என்பதற்காகத் திருப்பி அனுப்புகிறார் என்றால், பணம் தந்தே தீர வேண்டும் என்று நம் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. அங்கே உங்கள் விற்பனை நிபந்தனையும், நீங்கள் விற்கும் தளத்தின் விதிகளும் பேசும். குறைபாடு, போலி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாமை, சொன்ன தேதியைத் தாண்டிய டெலிவரி ஆகியவை வேறு வகை. இவற்றில் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் தளங்களில் விற்பவர்களுக்கும், சொந்தச் சரக்கை இணையத்தில் விற்பவர்களுக்கும் சொல்கின்றன. தன் பழைய செல்பேசியை ஒருமுறை விற்கும் தனிமனிதருக்கு இந்த விதிகள் இல்லை. தொழிலாகத் தொடர்ந்து விற்பவருக்கு உண்டு.

என்னிடம் அதிகம் வருவது புடவைத் தகராறுகள். கலப்புப் பட்டுப் புடவையை வெறுமனே 'பட்டு' என்று எழுதி விற்றுவிட்டு, "இந்த விலைக்குத் தூய பட்டு எப்படிக் கிடைக்கும், அவருக்கே தெரிய வேண்டாமா?" என்று கேட்பார்கள். இந்த வாதம் எடுபடாது. ஜரிகை எந்த வகை, ரவிக்கைத் துணி இணைந்திருக்கிறதா, நீளம் எவ்வளவு என்பதையெல்லாம் விற்பனைக் குறிப்பிலேயே எழுதுங்கள். கைத்தறியில் ஆங்காங்கே நூல் முடிச்சு தெரியும் என்பதையும் முன்பே சொல்லிவிட்டால், பிறகு அதைக் குறை என்று வாதிடுவது கடினம். நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் எடுத்த படத்தோடு காட்டுங்கள். அழகுக்காக வண்ணத்தைக் கூட்டிய படம், வழக்கு என்று வந்தால் எதிர்தரப்பின் சாட்சியாகிவிடும்.

'பார்சலைப் பிரிக்கும் வீடியோ இல்லையென்றால் பணம் இல்லை' என்ற நிபந்தனை இப்போது எங்கும் பரவியிருக்கிறது. வீடியோ கேட்பதில் தவறில்லை, அது நல்ல ஆதாரமும்கூட. ஆனால் அது இல்லை என்ற ஒரே காரணத்தால் உண்மையான குறையை மறுக்க முடியாது. வாங்கியவரிடம் வீடியோ கேட்பவர் தன் பக்கத்திலும் ஒன்றை வைத்திருக்க வேண்டாமா? பொருளையும் கூரியர் எண்ணையும் ஒன்றாகக் காட்டி, ஒட்டி மூடுவது வரை நிறுத்தாமல் படமெடுத்துவையுங்கள். கூரியர் ரசீதில் எடை பதிவாகியிருக்கட்டும். திரும்பி வரும் பார்சலையும் கேமரா முன்தான் பிரிக்க வேண்டும். புதுப் புடவைக்குப் பதில் கட்டிப் பழசான புடவை வருவதும் நடக்கிறது.

பதில் சொல்லும் விதத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது விதி. ஒப்புக்கொள்வது என்றால் தவறை ஏற்பது அல்ல. "உங்கள் புகார் கிடைத்தது, படம் அனுப்புங்கள், இந்தத் தேதிக்குள் பதில் சொல்கிறோம்" என்று எழுதினால் போதும். கோபத்தில் அனுப்பும் வாட்ஸ்அப் குரல் பதிவும், எண்ணைத் தடைசெய்வதும் வழக்கை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையத்தின் முன் அசிங்கமாகத் தெரியும்.

நோட்டீஸ் வந்தும் சும்மா இருப்பது அதைவிட மோசம். வாங்கியவர் தன் ஊரிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமே கிடையாது. உங்கள் பதிலுரைக்கு 30 நாட்கள், ஆணையம் அனுமதித்தால் மேலும் 15. அதற்கு மேல் ஒரு நாள்கூட நீட்டிக்க முடியாது என்று 2020இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உறுதியாகச் சொல்லிவிட்டது. 900 ரூபாய்ப் புடவைக்கு வந்த வழக்கில் மன உளைச்சலுக்கான இழப்பீடும் செலவுத் தொகையும் சேர்ந்துகொள்ளும்.

பணத்தைத் திருப்புவது என்று முடிவெடுத்தால், அது வந்த வழியிலேயே அனுப்புங்கள். வாங்கியவர் ஏற்கெனவே தன் வங்கியில் சார்ஜ்பேக் (கட்டிய பணத்தை வங்கி வழியே திரும்பப் பெறுவது) கோரியிருக்கிறாரா என்று பேமெண்ட் கேட்வே, அதாவது உங்களுக்காக இணையத்தில் பணம் வசூலித்துத் தரும் சேவையின், கணக்கில் முதலில் பாருங்கள். பாராமல் தனியாக யூபிஐ வழியே அனுப்பிவிட்டால், அதே தொகை இரண்டாவது முறையும் உங்கள் கணக்கிலிருந்து போய்விடும். சார்ஜ்பேக்கை மறுக்கத் தரப்படும் அவகாசம் சில நாட்கள்தான். டெலிவரிச் சான்றும் பில்லும் உரையாடலும் ஒரே கோப்பில் தயாராக இருக்க வேண்டும்.

"தவறிப்போய்க் கூடுதலாக அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்புங்கள்" என்று ஸ்கிரீன்ஷாட் அனுப்புகிறவர் பெரும்பாலும் வாடிக்கையாளரே அல்ல. ஸ்கிரீன்ஷாட்டையோ குறுஞ்செய்தியையோ நம்பாமல் வங்கிக் கணக்கைத் திறந்து பாருங்கள். பணம் பறிபோயிருந்தால் உடனே இணையக் குற்றங்களுக்கான உதவி எண் 1930க்கு அழையுங்கள்.

ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் திருப்பித் தந்த தொகைக்குக் கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைத்துக் காட்டும் ஆவணம்) போட மறந்துவிடுகிறார்கள். விற்பனை நடந்த நிதியாண்டு முடிந்தபின் வரும் நவம்பர் 30க்குள், அல்லது ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யும் நாளுக்குள், எது முந்தியதோ அதற்குள் அதை ரிட்டர்னில் காட்டாவிட்டால், திருப்பிக் கொடுத்த பணத்துக்கும் நீங்களே வரி கட்டியதாகிவிடும்.